பலூன் பிடித்தவன்

பதினோராம் அத்தியாயத்தின் நடுவில் தன்னுடைய பின்மண்டையைப் பார்த்ததும் கத்தரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன சார், பூச்சி எதாவது கடிச்சிடுச்சா?" என்று கேட்டாள், எதிர் மேசையில் கணினியில் புத்தகப் பக்கங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த பெண்.

"இல்லம்மா. ஒரு எழுத்துப் பிழை."

உட்கார்ந்தார்.

கத்தரி என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரல்ல. பதிப்பகத்துக்கு வருகிற பிரதிகளைப் படித்து, போடலாமா கூடாதா, போட்டால் எதை எல்லாம் வெட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. பெரிய பெரிய நாவலாசிரியர்கள் எல்லாம் அவர் கையில் ஒல்லியாகிப் போயிருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் கத்தரி. அவருக்கும் அது தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

இப்போது மேசையில் கிடந்த பிரதி சாதாரணப் பிரதி அல்ல. தலைவரைப் பொதுக்கூட்ட மேடையில் சுட்டது ஒரே ஒரு கிறுக்கன்தான் என்று கோர்ட்டு சொல்லி, அந்தக் கிறுக்கனும் சிறையிலேயே செத்துப்போய், ஊர் உலகம் அதை ஒருவழியாக மறந்திருந்த நேரத்தில், ஒரு பழைய பத்திரிகை நிருபர் கிளம்பியிருந்தார். கிறுக்கன் தனியாள் இல்லை, பின்னால் பெரிய கூட்டுச் சதி என்பது அவர் வாதம். இரண்டு பதிப்பகங்கள் பிரதியை மரியாதையாகத் திருப்பி அனுப்பின. மூன்றாவது பதிப்பகம் உறையையே பிரிக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகை அதிலிருந்து நாலு பக்கம் எடுத்துப் போட்டது, அந்த வாரமே அதன் ஜன்னல் கண்ணாடி எல்லாம் உடைந்தது.

"கல்லு விழுற புத்தகம்தான் விக்கும் சார்," என்று சொல்லி முதலாளியம்மா அதை வாங்கிக் கத்தரியிடம் தள்ளியிருந்தார். "படிச்சுட்டு உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க. நீங்க சரின்னா சரி."

பத்து அத்தியாயம் வரை கத்தரி நன்றாகத்தான் படித்துக்கொண்டு வந்தார். பதினொன்றில் ஒரு படம். மேடை ஓரத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்து எடுத்தது. ஆயிரம் முகம் மேடையைப் பார்த்து வாய் பிளந்து நிற்க, ஒரே ஒருவன் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒற்றைப் பலூனை உயர்த்திப் பிடித்து நிற்கிறான். கீழே நிருபர் எழுதியிருந்தார்: 'தலைவர் பேசும்போது திரும்பி நிற்கும் இவன் யார்? இந்தப் பலூன் யாருக்கு? பலூன் மேலே போனது, குண்டு பாய்ந்தது!'

பலூன் யாருக்கு என்பது கத்தரிக்குத் தெரியும். அவர் அன்றைக்கு இளைஞர். தலையில் சீப்பு சிக்குகிற அளவுக்கு முடி. அந்தப் பலூன் ஒரு பெண்ணுக்கு.

தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் அவள் அடுத்த இயந்திரத்தில் உட்காருவாள். அவர் ஒரு வரியை அடித்து முடித்தால், அவர் கை வைப்பதற்கு முன்னால் அவள் எட்டி, அவர் இயந்திரத்தை அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவாள். அவ்வளவுதான். அதற்காகவே அவர் சின்னச் சின்ன வரியாக அடிப்பார். கூட்டத்து நாளுக்குப் பிறகு அவள் அங்கே வரவே இல்லை. நெரிசலில் சிக்கியிருப்பாளோ என்று ஆஸ்பத்திரி வார்டு வார்டாக ஏறி இறங்கினார், இல்லை. என்றைக்காவது வருவாள் என்று தட்டச்சில் கீழ்நிலை, மேல்நிலை, பிறகு சுருக்கெழுத்து என்று அந்த நிலையத்தில் இருந்த எல்லாப் பரீட்சையும் எழுதித் தேறினார். எழுதுவதற்குப் பரீட்சை தீர்ந்துபோனதும் நிலையத்துக்காரர் அவரைக் கும்பிட்டு வழியனுப்பி வைத்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்றைக்கும் தெருவில் ஒரு பின்னலைக் கண்டால் கால் தானாக வேகமெடுக்கும், பின்னலுக்குச் சொந்தக்காரி அவர் பேத்தி வயசாக இருந்தாலும்.

அவளுடைய படம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. கத்தரி பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தில் தன் பின்மண்டைக்கு நேரே, நாலைந்து வரிசை தள்ளி, அவள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஒரு தோள் தெரிந்தது. பின்னல் நுனி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பலூன் இருந்தது.

கடையில் இருந்ததிலேயே பெரிய பலூனாகப் பார்த்து வாங்கியவர் அவர்தான். இத்தனை வருஷம் கழித்துத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

திட்டி முடித்ததும் கோபம் நிருபர் மேல் திரும்பியது. ஒரு மனிதனுக்கு ஆயுளுக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல சாயங்காலம் இருக்கிறது, அதைக் கொண்டுபோய்க் கொலைக் கேஸில் சேர்த்தால் எப்படி? கத்தரி பேனாவை எடுத்து எழுதினார்: 'புத்தகம் அருமை. பதினோராம் அத்தியாயம் மட்டும் வேண்டாம். ஒரு மஞ்சள் பலூனை வைத்துக்கொண்டு கொலைச் சதியை நிரூபிக்க முடியாது.'

கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் முதலாளியம்மா அறைக்கு அழைப்பு வந்தது. உள்ளே நிருபர் உட்கார்ந்திருந்தார். ஒல்லி உடம்பு, உருண்டைக் கண், மடியில் மூட்டை மூட்டையாகக் காகிதம்.

"ஐயா, உங்க குறிப்பு படிச்சேன். ஒரே ஒரு சந்தேகம்," என்றார் நிருபர் பணிவாக.

"கேளுங்க."

"படம் கறுப்பு வெள்ளை. பலூன் மஞ்சள்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கத்தரிக்கு முழி பிதுங்கியது. முதலாளியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"அது வந்து... அன்னிக்கு நானும் அங்க இருந்தேன். கூட்டத்துல ஒருத்தனா."

தப்பித்துவிட்டதாக நினைத்தார். நிருபரோ எழுந்து வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஐயா! பலூன் மனிதனைப் பாத்த ஒரு ஆளைத் தேடித்தான் நான் இத்தனை வருஷமா நாயா அலையறேன்! அவனைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்னு சொல்ல முடியாது. ரொம்பப் பக்கத்துல இருந்தேன்."

"ஆள் எப்படி இருந்தான்? கொடூரமான முகமா?"

"சேச்சே," என்றார் கத்தரி, கொஞ்சம் சூடாகவே. "லட்சணமாத்தான் இருந்தான்."

"என்ன பண்ணிட்டிருந்தான்?"

"பாவம், பலூன் வியாபாரி போலிருக்கு. அவனைப் போய்..."

"ஒரே ஒரு பலூனை வெச்சுக்கிட்டா வியாபாரம்?"

"மத்ததெல்லாம் வித்துப்போயிருக்கும்."

நிருபர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டார். அத்தியாயத்தைத் தூக்கச் சொல்லிக் கத்தரி எவ்வளவோ மன்றாடினார். வெட்டச் சொன்ன அத்தியாயம் இரண்டு மடங்காக வளர்ந்து அடுத்த வாரம் அவர் மேசைக்கே வந்தது. தலைப்பு: 'வியாபாரி வேடத்தில் வந்த லட்சணமான சதிகாரன்: நேரில் கண்டவர் சாட்சியம்.'

அதைக் கொண்டுவந்து கொடுத்த கையோடு நிருபர் ஒரு வார்த்தை சொன்னார். "போட்டோகிராபர் வீட்டுல நெகட்டிவ் கிடைச்சிருக்கு ஐயா. இதுக்கு அடுத்து எடுத்த படமும் இருக்காம்."

கத்தரி நிமிர்ந்தார். "அடுத்த படம்னா? பலூன் மேல போனப்புறமா?"

"ஆமா. பலூன் இல்லாம."

புத்தி உள்ளவன் அங்கேயே வாயை மூடிக்கொண்டிருப்பான். கத்தரிக்கும் புத்தி உண்டு. ஆனால் அன்றைக்கு அது லீவில் இருந்தது. பலூன் இல்லாத படம் என்றால், பலூன் மறைத்த முகம் தெரியும். நெற்றி, கண், சிரித்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிற வாய், எல்லாம்! வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் மறந்துகொண்டு வருகிற முகம். சில நாள் காலையில் கண் விழித்தால் அவள் மூக்கு எப்படி இருக்கும் என்பதே நினைவுக்கு வராது. அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேச மாட்டார்.

"பெருசாக்கிக் கொண்டுவாங்க," என்றார் கத்தரி. "எவ்வளவு பெருசா முடியுமோ அவ்வளவு பெருசா."

"இந்த அக்கறை யாருக்கு வரும் ஐயா!" என்று நிருபர் கண் கலங்கினார்.

சுவர் அளவுக்கு இரண்டு படம் வந்தது. வேறு எங்கும் இடம் போதாமல் அலுவலக நடைக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். கத்தரி இரண்டாவது படத்தின் முன்னால் போய் நின்றார். பலூன் இல்லை. எல்லா முகமும் அலறிக்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் ஒரு பெரியவர் தோளுக்கும் ஒரு அம்மாள் தோளுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. வெறும் சந்து. பயந்து ஓடியிருப்பாள். பாவம், எப்படிப் பயந்தாளோ. கத்தரி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். விட்டால் உள்ளே கையை விட்டுத் தேடியிருப்பார்.

பக்கத்தில் நிருபரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க எதைப் பாக்கறீங்கன்னு புரிஞ்சுடுச்சு ஐயா," என்றார் நிருபர் கிசுகிசுப்பாக. "முதல் படத்துல அங்க ஒரு ஆள் இருக்கு. இதுல இல்லை. அதுவும்... அட! பலூனுக்குப் பக்கத்துல பாருங்க, தூக்கின கை! இவ்வளவு நாளா என் கண்ணுல படலியே!"

"கையா? எல்லாருக்கும்தான் கை இருக்கு. வேர்வையைத் துடைச்சிருப்பாங்க."

"பொம்பளைக் கை ஐயா! வளையல் தெரியுது!"

பன்னிரண்டாம் அத்தியாயம் பிறந்தது. பெயர், 'வளையல் அணிந்த கை.' கத்தரி தன்னைக் காப்பாற்றப் போய் அவளையும் இழுத்துவிட்டுவிட்டார்.

அந்த வாரமே அவர் மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர, அதை எடுத்துக்கொண்டு அக்கா வந்தாள். கணவர் போன பிறகு தம்பியோடு இருப்பவள். கண்ணாடியை நீட்டியவள், நீட்டியபடியே சுவரைப் பார்த்தாள்.

"டேய். இது உன் மண்டைதானே?"

"அக்கா, மெதுவா பேசு."

"மெதுவா என்னடா மெதுவா! தினம் சீவி விட்ட எனக்குத் தெரியாதா? இந்தக் காலரு நான் தைச்சதுடா. ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிக்குது பாரு." படத்துக்குக் கீழே இருந்த தேதியைப் படித்தாள். "அன்னிக்குப் பல்லு வலின்னு சொல்லிட்டுத்தானே வீட்டை விட்டுப் போனே? பலூனைப் பிடிச்சுக்கிட்டா பல் டாக்டர்கிட்ட போவாங்க?"

கத்தரி அவளைக் காகிதக் கிடங்குக்குள் தள்ளிக்கொண்டு போனார். அங்கே ஒரு காகிதக் கட்டின் மேல் அக்கா உட்கார்ந்தாள்.

"யாருடா அவ?"

அவர் ஒரு காகிதக் கட்டின் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"எத்தனை வீட்டுல போய் எத்தனை பொண்ணு பாத்தேன். ஒருத்தி உயரம்னே, ஒருத்தி குள்ளம்னே. ஒருத்தி ரொம்பச் சிரிக்கிறான்னே. என்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல? தேடிக் கண்டுபிடிச்சுக் கட்டி வெச்சிருப்பேனே."

"பேரைத் தவிர எதுவும் தெரியாதுக்கா. வீடு எங்கன்னுகூடக் கேக்கலை. கேட்டா தப்பா நினைச்சுக்குவாளோன்னு."

"அசடு," என்றாள் அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. எழுந்து நின்றதும் பழைய அக்கா ஆகிவிட்டாள். "நீயா உள்ள போய் உண்மையைச் சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்லுவேன். என் தம்பியைச் சதிகாரன்னு அச்சடிச்சுக் கடை கடையா வித்தா நான் சும்மா இருப்பேனா?"

சொல்லத்தான் நினைத்தார். ஒவ்வொரு நாளும் முதலாளியம்மா அறை வாசல் வரை போய், "மின்விசிறி சரியா ஓடுதாம்மா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். இப்படியே போயிருக்கும். அதற்குள் அட்டைப்படம் தயாராகிவிட்டது.

அட்டை முழுக்க அவர் பின்மண்டை. மேலே கொட்டை எழுத்தில் ஒரே கேள்வி: 'இவனைத் தெரியுமா?'

அச்சுக்குப் போகும் முன் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா என்று பார்க்க முதலாளியம்மா தன் குடும்ப வக்கீலை வரவழைத்தார். பழுத்த வக்கீல், பெரிய பெயர். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். மூடிய கண்ணுக்குள்ளே நடப்பது யோசனையா தூக்கமா என்பது நீதிபதிகளுக்கே தெரியாது. வந்தார், பதினொன்று, பன்னிரண்டு இரண்டு அத்தியாயத்தையும் கேட்டு வாங்கிப் புரட்டினார், அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணால பாத்த சாட்சி நீங்கதான் சார்," என்றார் முதலாளியம்மா கத்தரி பக்கம் திரும்பி. "நாளைக்கு யாராவது கேஸு போட்டா நீங்கதான் கோர்ட்டுல வந்து சொல்லணும். பலூன்காரனைப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் உண்மைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

நிருபர் பேனாவின் மூடியைத் திறந்தே நீட்டினார். கத்தரி பேனாவை வாங்கி, மேசை மேல் வைத்தார்.

"பலூன்காரன் வியாபாரி இல்லைம்மா. அது நான்தான்."

நிருபர் எழுந்து கத்தரிக்குப் பின்னால் போய், வழுக்கையை உற்றுப் பார்த்து, அட்டையைப் பார்த்து, மறுபடி வழுக்கையைப் பார்த்தார்.

"முடி போயிடுச்சு. காது அதேதான்," என்றார் கத்தரி.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சின்ன வரியாக அடித்ததைச் சொன்னார். ஒருநாள் வகுப்பு முடிந்து படி இறங்கும்போது அவளாகவே வந்து பேசியதைச் சொன்னார்.

"'கூட்டத்துக்கு வருவீங்களா'ன்னு கேட்டா. வர்றேன்னேன். 'அவ்வளவு பேர்ல உங்களை எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஒரு மஞ்சள் பலூனை உசத்திப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க'ன்னா. மேடையில யாரு, என்ன பேசறாங்க, ஒண்ணும் என் காதுல விழலை. திரும்பி நின்னு அவளைத்தான் தேடிட்டிருந்தேன். 'உங்களைப் பாத்ததும் நான் கையைத் தூக்குவேன். நீங்க பலூனை விட்டுடுங்க. நீங்களும் என்னைப் பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சுக்குவேன். அப்புறம் நான் உங்ககிட்ட வந்துடுவேன்'னு சொல்லியிருந்தா. கையைத் தூக்கினா. நான் நூலை விட்டேன். அவ சிரிச்சா. அதை நான் பாத்தேன். அப்புறம்தான் சத்தம் கேட்டுது. எல்லாரும் ஓடினாங்க. நான் மட்டும் அங்கேயே நின்னேன், வர்றேன்னு சொன்னாளேன்னு. போலீஸ் வந்து கழுத்தைப் பிடிச்சுத் தள்ளற வரைக்கும் நின்னேன்."

மேசை மேல் இருந்த அட்டையைத் தன் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னும்கூட அவ வரணும்னுதான் இருக்கு. அதைப் போய்ச் சதின்னு எழுதாதீங்க. எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

முதலாளியம்மா வெளிப்படையாகவே மூக்கை உறிஞ்சினார். நிருபர் தன் மூட்டையிலிருந்து இரண்டு அத்தியாயத்தையும் உருவி எடுத்து, குறுக்கே கிழித்து, குப்பைக் கூடையில் போட்டார்.

"ஐயா, என்னை மன்னிச்சுடுங்க. கொலைகாரனைத் துரத்தறதா நினைச்சு ஒரு காதலனைத் துரத்தியிருக்கேன். போச்சு, என் பெரிய ஆதாரமே போச்சு. ஆனா சந்தோஷமாத்தான் இருக்கு."

"அட்டைப்படம் அப்படியே இருக்கட்டும்," என்றார் முதலாளியம்மா திடீரென்று. "கேள்வியை மாத்திடுவோம். உள்ள ஒரு பக்கத்துல இவரு கதையைப் போடுவோம், பலூன்காரர் இன்னும் காத்துக்கிட்டிருக்கார்னு. நாடு முழுக்கப் போற புத்தகம் சார். அந்தம்மா எங்க இருந்தாலும் கண்ணுல படாமயா போயிடும்?"

இது கத்தரிக்குத் தோன்றவே இல்லையே! அவள் எங்கோ ஒரு கடையில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பாள். பின்மண்டையைப் பார்ப்பாள். ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரிப்பாள். முகவரி கேட்டு இந்தப் படியில் ஏறி வந்தாலும் வருவாள். நாளைக்கே ஒரு நல்ல சட்டை தைக்கக் கொடுக்க வேண்டும், அக்கா கையால் இல்லாமல்.

"அப்ப சதியே இல்லைன்னு முடிவாயிடுச்சு. நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்று முதலாளியம்மா வக்கீல் பக்கம் திரும்பினார்.

வக்கீல் எப்போதோ கண்ணைத் திறந்திருந்தார். கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியபோது அது கோர்ட்டில் முழங்குகிற குரலாக இல்லை, யாரிடமோ ஏமாந்துபோன ஒரு கல்லூரிப் பையனின் குரலாக இருந்தது.

"என்கிட்டயும் அவ சொல்லியிருந்தா சார், 'கூட்டத்துக்கு நடுவுல ஒரு மஞ்சள் பலூன் மேல போகும், அதைப் பாத்ததும் மரத்து மேலேர்ந்து பச்சைத் துண்டை ஆட்டுங்க, நான் உங்ககிட்ட வந்துடுவேன்'னு."